பின்பக்கத்தில் இருக்கும் ஒப்பந்தம்: குமரிக் கடலோரத்தில் ஏ.சி. பராமரிப்பு

நாகர்கோவிலில் ஜவுளிக்கடை, தக்கலையில் கல்யாண மண்டபம், கன்னியாகுமரியில் லாட்ஜ், குளச்சலில் மீன் கம்பெனி. யாரிடம் கேட்டாலும் "ஏ.எம்.சி. போட்டிருக்கு" என்பார்கள், அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். அதில் என்ன இருக்கிறது என்று அடுத்துக் கேட்டால் தொகையைச் சொல்வார்கள். தொகை தாளின் முன்பக்கத்தில் இருக்கும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'கீழ்க்கண்டவை இதில் அடங்காது' என்று ஒரு பட்டியல் போகும்: துரு, அரிப்பு, குளிரூட்டும் கேஸ் கசிவு, மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் போன போர்டு, இடி, மின்னல், புயல், வெள்ளம். குமரி மாவட்டத்தில் ஏ.சி. எதனாலெல்லாம் கெடுகிறது என்று அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை எழுதித் தரச் சொன்னால், ஏறக்குறைய இதே பட்டியலைத்தான் தருவார்.

கம்பெனிகள் திட்டமிட்டு ஏமாற்றுகின்றன என்று இதற்கு அர்த்தம் இல்லை. படிவம் எங்கோ தலைமை அலுவலகத்தில் தயாராகிறது. கோயம்புத்தூருக்கும் அதே தாள், சின்னமுட்டத்துக்கும் அதே தாள். கடல் இருக்கும் ஊருக்கு என்று தனியாக யாரும் எழுதுவதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை. கேட்டால் மாற்றித் தருகிறார்கள் என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி.

ஒப்பந்தம் மூன்று தினுசு. ஒன்று லேபர் மட்டும்: வருடத்துக்கு மூன்றோ நான்கோ சர்வீஸ், இடையில் கம்ப்ளைண்ட் சொன்னால் ஆள் வருவார், சாமானுக்கும் கேஸுக்கும் தனிக் காசு. இன்னொன்று காம்ப்ரிஹென்சிவ்: உதிரிபாகமும் கேஸும் கம்ப்ரசரும் உள்ளடக்கம், கட்டணம் கூடுதல். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு. அதில் கெப்பாசிட்டர், கான்டாக்டர், ஃபேன் மோட்டார் போன்ற சில்லறைச் சாமான்கள் உள்ளே. கம்ப்ரசர், சூட்டைக் கடத்தும் குழாய்ச் சுருளான காயில், மின்னணுச் சுற்று இருக்கும் பி.சி.பி. போர்டு, கேஸ் நாலும் வெளியே. விற்க வருகிறவர் வாயில் இதுவும் காம்ப்ரிஹென்சிவ்தான். ஒரு மெஷினில் பெரிய காசு தின்னும் சாமான்களே அந்த நாலுதான். அவை வெளியே இருந்தால் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்கு என்று கேட்க வேண்டும்.

கட்டணம் எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. மெஷின் எத்தனை டன், எத்தனை வயது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடும், கம்பெனி ஆள் எங்கிருந்து வர வேண்டும் என்ற நான்கையும் வைத்துப் போடுவார்கள். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது சுமார் 3.5 கிலோவாட் குளிர்ச்சித் திறன். சொல்கிற தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, பேசும்போது அதை விட்டுவிட்டுச் சொல்வது வழக்கம். வயதான மெஷினுக்குக் காம்ப்ரிஹென்சிவ் எடுக்கத் தயங்குவார்கள். அப்படியே எடுத்தாலும், கையெழுத்துக்கு முன் இரு தரப்பும் சேர்ந்து ஒவ்வொரு மெஷினையும் ஓட்டிப் பார்த்து நிலைமையை எழுதிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முதல் மாதத்திலேயே 'இது ஏற்கெனவே இருந்த பழுது' என்ற பதில் வந்து நிற்கும்.

என்னைக் கேட்டால், ஏழெட்டு ஸ்ப்ளிட் ஏ.சி. வைத்திருக்கும் சின்ன லாட்ஜுக்குக் காம்ப்ரிஹென்சிவ் தேவையில்லை. லேபர் ஒப்பந்தம் போட்டு, மிச்சத்தொகையைக் கம்ப்ரசருக்கு என்று ஒதுக்கி வைக்கலாம். ஒன்று படுத்தால் ஒரு ரூம்தான் போகும். ஒரு பெரிய அவுட்டோரிலிருந்து பல அறைகளுக்குக் குழாய் போகும் வி.ஆர்.எஃப். கதை வேறு. ஒரே அவுட்டோரில் ஒரு மாடி முழுக்கத் தொங்குகிறது; குழாயில் பத்து இருபது கிலோ கேஸ் ஓடுகிறது; ஒரு போர்டு போனால் மாடியே வியர்க்கும். அங்கே சிக்கனம் பார்ப்பது ஆபத்து.

இனி உப்புக்கு வருவோம். இந்த மாவட்டத்துக்குச் சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை. பெரும்பகுதி அரபிக்கடலைப் பார்த்தது, கன்னியாகுமரிக்குக் கிழக்கே கொஞ்சம் வங்கக்கடல் பக்கம். தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை கடல் மீதிருந்து நேராக வீசுகிறது. அலை உடையும் இடத்தில் கிளம்பும் உப்புத்துகள் மொட்டைமாடியில் நிற்கும் அவுட்டோர் யூனிட்டின் முதுகில் போய் அப்பிக்கொள்கிறது. அந்த முதுகில் இருப்பது செப்புக் குழாயும் அதைச் சுற்றி நெருக்கமாக அடுக்கிய அலுமினியத் தகடுகளும். இரண்டு வெவ்வேறு உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் சின்ன மின்கலம் போல வேலை நடக்கும். அதில் முதலில் கரைவது அலுமினியம். இரண்டு மூன்று மழைக்காலம் போன ஒரு யூனிட்டின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள்: தகடு திருநீறு மாதிரி உதிர்ந்து கையில் ஒட்டும்.

தகடு போனால் சூடு வெளியேற வழியில்லை. சூடு வெளியேறாவிட்டால் கண்டன்சரில், அதாவது அந்த வெளிக் காயிலில், அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், ஈ.பி. பில் ஏறும், உச்சி வெயிலில் டிரிப் ஆகும், கடைசியில் வைண்டிங் கருகும். அப்போது பில்லில் 'கம்ப்ரசர் பழுது' என்று எழுதுவார்கள். நோய் காயிலில் இருந்தது, செத்தது கம்ப்ரசர். காம்ப்ரிஹென்சிவ் எடுத்தவரிடமும் 'அரிப்பால் வந்தது, அது விலக்குப் பட்டியலில் இருக்கிறது' என்று சொல்ல இந்த இடத்தில் வழி இருக்கிறது. ஆகவே பேச வேண்டிய முதல் வரி இது: உப்பு அரிப்பால் காயில் போனால் யார் பொறுப்பு? முழுக்க ஏற்க மாட்டார்கள். பாதிப் பாதி என்றோ, புதுக் காயிலின் விலையை ஒப்பந்தம் போடும் அன்றே எழுதி முடக்கிவிடுவது என்றோ இறங்கி வருவார்கள். அதுவே பெரிய லாபம். சில புது மெஷின்களில் குழாயும் தகடும் முழுக்க அலுமினியமான மைக்ரோசேனல் காயில் வருகிறது. ஓட்டை விழுந்தால் செம்பு மாதிரிப் பற்றவைத்து ஓட்ட முடியாது, பெரும்பாலும் முழுசாக மாற்ற வேண்டியதுதான். அந்த மெஷினுக்கு இந்த வரி இரட்டிப்பு முக்கியம்.

'ப்ளூ ஃபின்', 'கோல்டு ஃபின்' என்று பூச்சு போட்டு வருவதை வைத்துத் தைரியமாக இருக்கக் கூடாது. பூச்சு தாமதப்படுத்தும், தடுக்காது. தடுப்பது நல்ல தண்ணீர். உப்புக்காற்று அடிக்கும் மாதங்களில் குறைந்தது மாதம் ஒரு தடவை அவுட்டோரை நன்னீரால் கழுவினாலே காயிலின் ஆயுசு கூடும். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. கடலோரத்தில் பல கட்டடங்களில் போர் தண்ணீரே கரிக்கும். அந்தத் தண்ணீரை ஜெட் பம்ப்பில் பிடித்து அடித்துவிட்டு 'வாஷ் பண்ணியாச்சு' என்று கார்டில் எழுதிப் போகிறவர்கள் உண்டு. உப்பை உப்பால் கழுவுகிற வேலை. இன்னொரு வகையினர் பளபளப்புக்காக ஆசிட் கலந்து அடிப்பார்கள். அன்று கண்ணாடி மாதிரி மின்னும், அடுத்த வருடம் தகடு இருக்காது. எந்தத் தண்ணீர், எந்த கெமிக்கல், எவ்வளவு பிரஷர் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாவது எழுதிக்கொள்ள வேண்டும். மாதாந்திர நன்னீர்க் கழுவலுக்குக் கம்பெனி ஆள் வேண்டியதில்லை. கட்டடத்தில் இருக்கும் எலக்ட்ரீஷியனுக்கே ஒருமுறை காட்டிக் கொடுத்தால் போதும், மெயின் ஆஃப் பண்ணிவிட்டு ஹோஸ் பிடிக்கத் தெரிந்தால் சரி.

அடுத்தது கேஸ். "கேஸ் கொறவா இருக்கு அண்ணே, அடிச்சு விட்டுரட்டா?" இந்தக் கேள்வியைக் கேட்காத ஏ.சி. முதலாளி மாவட்டத்தில் இருக்க மாட்டார். பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை அது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. மெஷின் சாகும்வரை அதே கேஸ் இருக்கலாம். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் அடித்தால் அடுத்த சீசனில் அதே கேள்வி, அதே காசு. முறையான வேலை என்பது இதுதான்: நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பது, ஃப்ளேர் நட்டிலும் வளைவுகளிலும் சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று தேடுவது, ஓட்டையை அடைப்பது, வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுப்பது, பிறகு தராசில் வைத்து எடைக்கணக்கில் கேஸ் ஏற்றுவது. கம்ப்ரசர் கருகியிருந்தால் குழாய்க்குள் அமிலம் சேர்ந்திருக்கும். ஃப்ளஷ் பண்ணி, ஃபில்டர் டிரையரையும் மாற்றாமல் புதுக் கம்ப்ரசர் வைத்தால் அதுவும் சீக்கிரம் போகும். 'கேஸ் சார்ஜிங் உட்பட' என்ற வார்த்தைக்குள் இதெல்லாம் தானாக வந்துவிடாது. கசிவு கண்டுபிடித்தல், வேக்குவம், டிரையர் என்று பெயர் சொல்லி எழுதினால்தான் உண்டு.

எந்தக் கேஸ் என்பதும் பணக் கணக்குதான். பழைய மெஷின்களில் இருக்கும் ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பது. மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி இந்தியாவில் இந்த வகைக் கேஸை வைத்துப் புது மெஷின் தயாரிப்பது 2025 ஜனவரி 1 முதல் நின்றுவிட்டது. 2030க்குள் உற்பத்தியும் ஏறக்குறைய முடிவுக்கு வரவேண்டும், அதன்பின் பழைய மெஷின்களின் சர்வீஸுக்கு என்று ஒரு சொட்டு மட்டும். ஆர்-410ஏ, கோல்ட் ரூம்களில் இருக்கும் ஆர்-404ஏ போன்றவை ஓசோனைத் தொடுவதில்லை, ஆனால் புவியைச் சூடாக்குபவை. இந்தியா 2021இல் ஏற்ற கிகாலி திருத்தப்படி அவற்றின் பயன்பாடு 2028இல் உச்சவரம்புக்குள் வந்து, 2032 முதல் படிப்படியாகக் குறைய வேண்டும். ஆக, நீண்டகால ஒப்பந்தம் போடுகிறவர் கேஸ் விலை ஏறும் என்ற எண்ணத்தோடே பேனாவை எடுக்க வேண்டும். இப்போது பரவலாக வரும் ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை கொண்டது. பூட்டிய அறைக்குள் கேஸ் இருக்கும்போதே டார்ச் பற்றவைக்கிற பழக்கமுள்ள கை அதைத் தொடக் கூடாது. பயிற்சி பெற்றவரைத்தான் அனுப்ப வேண்டும் என்று கேட்பதற்கு உரிமை இருக்கிறது.

வருடம் நான்கு சர்வீஸ் என்றால் கம்பெனி மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வகுத்துவிடும். கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்து எண்ணினால் ஒரு சர்வீஸ் டிசம்பர் கடைசியில் விழலாம். கன்னியாகுமரியில் அப்போது சபரிமலை சீசன் உச்சத்தில் இருக்கும், புத்தாண்டுக் கூட்டம் வேறு சேரும்; ஒரு ரூமைக்கூட இரண்டு மணி நேரம் விட்டுத்தர லாட்ஜ்காரரால் முடியாது. "பொறவு வாங்க" என்று அனுப்பிவிடுவார். அந்த சர்வீஸ் அத்தோடு போச்சு, கார்டில் மட்டும் கையெழுத்து இருக்கும்.

நம் நாட்காட்டி வேறு. ஆனியிலிருந்து ஆவணி முடிய உப்புக்காற்று. புரட்டாசியில் காற்று தணிந்திருக்கும், ஐப்பசியில் வடகிழக்கு மழை இறங்கும், கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்ட கூட்டம் வரத் தொடங்கும். லாட்ஜுக்குப் பெரிய சர்வீஸ் புரட்டாசியில்தான். சேர்ந்த உப்பெல்லாம் இறங்கும், சீசனுக்கு மெஷின் தயார். மாசியில் இன்னொன்று, கோடை விடுமுறைக்கு முன். மண்டபங்களுக்கு ஆடியில் இந்துக் கல்யாணம் இல்லை, தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணம் அரிது. இரண்டு சமூகமும் ஏறக்குறையச் சரிபாதியாக இருக்கும் மாவட்டம் என்பதால் முழுக்க ஓய்ந்த மாதம் என்று ஒன்று கிடைக்காது, ஆனால் குளிர்காற்று போகும் டக்ட்டை இறக்கிச் சுத்தம் பண்ணுகிற அளவுக்கு இரண்டு இடைவெளி கிடைக்கும். ஜவுளிக்கடைக்காரர் ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் மூன்றையும் தள்ளிவைத்து நாள் குறிக்க வேண்டும். மாதம் குறிப்பிட்டு எழுதிய சர்வீஸுக்கும் 'வருடம் நான்கு' என்று எழுதிய சர்வீஸுக்கும் கட்டணம் ஒன்றுதான்.

ஐஸ் பிளாண்ட்டுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் சின்னமுட்டத்துக்கு ஒரு கணக்கு. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணத்துக்கு வேறு கணக்கு. வள்ளங்களுக்கு ஐஸ் போய்க்கொண்டிருந்தாலும் லோடு குறையும். ஐஸ் பிளாண்ட்டில் குளிரூட்டும் கேஸ் அமோனியா; அதன் கம்ப்ரசரைப் பிரித்து வால்வு பிளேட், ரிங், பேரிங் பார்ப்பதும், கண்டன்சரில் பிடித்த காறையை இறக்குவதும், உப்புநீர்த் தொட்டியைக் காலி செய்து அடியைத் தேய்ப்பதும், துருப்பிடித்த கேன்களை ஒதுக்குவதும் அந்த இரண்டு மாதத்துக்குள் முடிய வேண்டும். இந்த முதலாளிகள் யாரும் சொல்லித்தரத் தேவையில்லாதவர்கள். தடைக்காலத்தை வைத்தே மெக்கானிக்கைப் பேசிவைத்திருப்பார்கள். அமோனியா கசிந்தால் மூக்கே சொல்லிவிடும், அதில் ஏமாற்ற முடியாது. ஆனால் அது மூச்சையே நிறுத்தக்கூடிய கேஸ். முகமூடி, கையுறை, தண்ணீர் ஸ்ப்ரே, வால்வை எந்த வரிசையில் அடைப்பது என்ற பயிற்சி எல்லாம் பராமரிப்பு ஒப்பந்தத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும். பல இடங்களில் அது வாய்ப்பேச்சோடு நிற்கிறது.

கரண்ட் விஷயம் சுருக்கமாக. வோல்டேஜ் ஏறி இறங்குவதால் போகும் போர்டை எந்தக் கம்பெனியும் சும்மா ஏற்காது. ஸ்டெபிலைசரும் சர்ஜ் அரெஸ்டரும் எர்த்தும் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் அவர்களே பார்த்து எழுத வேண்டும் என்று நிபந்தனை போட்டால், போர்டு போகும் நாளில் 'உங்க கரண்ட் சரியில்ல' என்று தட்டிக்கழிக்க இடமிருக்காது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. ஜெனரேட்டரில் ஓடிய இடங்களில் கோல்ட் ரூமைத் தாங்குமா, ஏ.சி.யை நிறுத்த வேண்டுமா என்று அன்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. இயற்கைச் சீற்றத்தை விலக்கிக்கொள்வது நியாயம்தான், அதற்குக் காப்பீடு இருக்கிறது. ஆனால் புயலுக்குப் பிறகு வந்து பார்த்து, சேதத்தை எழுதிக் கொடுப்பதும் விலக்கில் சேர்ந்துவிடக் கூடாது. காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

வெப்பம் தரும் இயந்திரம் என்றால் இங்கே ஹோட்டல் வெந்நீர் மட்டும்தான். அறையைச் சூடாக்கும் குளிர் நமக்கு வாய்க்கவில்லை. மாடியில் சோலார், கூடவே ஹீட் பம்ப் வைக்கிறார்கள். ஹீட் பம்ப் என்பது ஏ.சி.யையே திருப்பிப் போட்டது, 1 யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் அளவு வெப்பம் தரும். இதில் மறந்துபோகும் சாமான் ஒன்று உண்டு: தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியம் கம்பி. தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே வைத்தது. கரிக்கும் தண்ணீரில் சீக்கிரம் தீரும், தீர்ந்ததும் தொட்டி ஓட்டையாகும். வருடம் ஒருமுறை கழற்றிப் பார்த்து மாற்றுவது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

'24 மணி நேரத்தில் சேவை' என்ற வாக்கியத்தை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். 24 மணி நேரத்தில் ஆள் வருவாரா, மெஷின் ஓடுமா? பெரும்பாலும் முதலாவதுதான். உள்ளூர் டீலரிடம் ஆள் இருக்கும். போர்டும் கம்ப்ரசரும் திருநெல்வேலியிலிருந்தோ மதுரையிலிருந்தோ களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்திலிருந்தோ வர வேண்டும். வி.ஆர்.எஃப். தெரிந்த டெக்னீஷியனும் அப்படியே. ஆகவே வருவதற்கு ஒரு நேரம், ஓட வைப்பதற்கு ஒரு நேரம் என்று இரண்டு கெடு வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் ஏ.சி.க்கும் கோல்ட் ரூமுக்கும் மணிக்கணக்கில், ரிசப்ஷன் ஏ.சி.க்கு நாள்கணக்கில். அடிக்கடி போகும் சாமான்களில் ஒரு செட்டை நம் ஸ்டோரிலேயே கம்பெனி வைக்க வேண்டும் என்று கேட்கலாம். பெரிய ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொள்வார்கள்.

கெடு தவறினால் என்ன என்பதும் எழுத்தில் வர வேண்டும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, மீறலுக்கு இவ்வளவு என்று தொகை குறித்திருந்தால் அதற்கு மேல் போகாமல் நியாயமான இழப்பீடு பெற வழி வைத்திருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று பலர் நினைக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்காகச் சேவை வாங்குகிறவர் நுகர்வோர் ஆக மாட்டார். சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்தும் சின்ன பேக்கரிக்கோ ஐஸ்கிரீம் கடைக்கோ விலக்கு கிடைக்கலாம். ஐம்பது ரூம் ஹோட்டலுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் அடைத்ததுதான், சிவில் கோர்ட்டு வழிதான் மிச்சம். மறுபக்கமும் சொல்ல வேண்டும். சர்வீஸ் கொடுக்கிறவர் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனமாக இருந்தால் 45 நாளுக்கு மேல் அவர் பணத்தை இழுத்தடிக்க முடியாது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி போடச் சொல்கிறது. முழு வருடப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடுவதும், ஆறு மாதம் கொடுக்காமல் இழுப்பதும் இங்கே இரண்டுமே நடக்கிறது. ஒவ்வொரு சர்வீஸும் முடிந்தபின் கால் பங்கு என்பதே இரு தரப்புக்கும் சிக்கல் இல்லாதது.

அந்தக் கால் பங்கை எதைப் பார்த்துக் கொடுப்பது? இப்போது கார்டில் 'சர்வீஸ் ஓகே' என்று எழுதி, ரிசப்ஷனில் இருக்கும் பையனிடம் கையெழுத்து வாங்கிப் போகிறார்கள். அதற்குப் பதில் எண்கள் வேண்டும்: கம்ப்ரசர் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, வோல்டேஜ் எவ்வளவு, சக்ஷன், டிஸ்சார்ஜ் பிரஷர் எவ்வளவு, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் வெப்ப வித்தியாசம் எவ்வளவு. நல்ல நிலையில் அது சுமார் 8 முதல் 12 டிகிரி இருக்கும். கேஸ் ஏற்றினால் எத்தனை கிராம், ஓட்டை எங்கே இருந்தது. நாலு சர்வீஸின் எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஆம்பியர் மெல்ல ஏறுவது தெரியும், காயில் அடைபடுகிறது என்று கம்ப்ரசர் கருகுவதற்கு முன்பே புரியும்.

இந்தத் தாள்கள் கம்பெனியிடம் இருக்கக் கூடாது, நம்மிடம் இருக்க வேண்டும். வி.ஆர்.எஃப். கன்ட்ரோலரின் பாஸ்வேர்டு, குழாய் போன வழியைக் காட்டும் வரைபடம், எந்த மெஷினில் எவ்வளவு கேஸ் ஏற்றியது என்ற கணக்கு ஆகியவற்றை ஒப்பந்தம் முடியும் நாளில் ஒப்படைக்க வேண்டும் என்று முதல் வருடமே எழுதிவிட வேண்டும். புதுப்பிக்கிற மாதத்தில் வேறு கம்பெனியிடம் விலை கேட்டால், வந்து பார்க்கிறவர் முதலில் கேட்பது இவற்றைத்தான். இல்லை என்றால் தெரியாத மெஷினுக்கு ஆபத்துக் கணக்கையும் சேர்த்து விலை சொல்வார், பழைய கம்பெனியே தொடரும், தாளின் பின்பக்கமும் அப்படியே தொடரும்.